‘அதே மாதிரி’ வேறு, ‘அதேதான்’ வேறு: ஸ்டார் ட்ரெக் ப்ராப்களின் பூர்வீகம் தேட ஒரு முழு வழிகாட்டி

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ப்ராப்மூலம் (ப்ராப் என்றால் படப்பிடிப்பில் பயன்படுத்தும் சாமான்) பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்தத் தைரியத்தில்தான் நான் பல வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளிக் கதையின் முதல் தொடர் 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவில் என்பிசி சேனலில் தொடங்கி 1969 ஜூன் 3 அன்று முடிந்தது. மூன்று சீசன், 79 எபிசோடு. அதில் கேப்டன் கிர்க் உட்காரும் நாற்காலியை எந்தக் கம்பெனி செய்தது, டாக்டர் மெக்காய் நோயாளியின் மேல் ஆட்டிக்காட்டும் அந்தப் பளபள சாமான் உண்மையில் என்ன, இடுப்பிலிருந்து எடுத்துத் திறந்து பேசும் கம்யூனிகேட்டரை யார் கையால் செய்தார்கள், இப்போது அது எங்கே இருக்கிறது என்றெல்லாம் தேடுவது ஒரு போதை. ஆனால் முறையாகத் தேடவில்லை என்றால் காசும் போகும், மானமும் போகும். இரண்டும் எனக்குப் போயிருக்கிறது, கீழே சொல்கிறேன்.

1. கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள்

வீடு வாங்கப் போகிறவர் என்ன செய்வார்? இந்த இடம் ஆதியில் யாருடையது என்று மூலப்பத்திரம் பார்ப்பார். அப்புறம் நடுவில் யார் யார் கைக்குப் போனது என்று வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்ப்பார். ப்ராப் ஆராய்ச்சியும் இதேதான். தொடருக்குள் வருவதற்கு முன்னால் இந்தப் பொருள் என்னவாக இருந்தது, யார் செய்தது, எங்கே வாங்கியது என்பது ஒரு கேள்வி. இப்போது நம் கண் முன்னால் இருக்கிற இந்த ஒரு உருப்படி, அன்றைக்குக் கேமரா முன்னால் இருந்த அதே உருப்படிதானா என்பது வேறு கேள்வி.

இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் இந்தத் துறையில் நடக்கிற தொண்ணூறு சதவீதச் சண்டைக்குக் காரணம் என்று நான் சொல்வேன். (கணக்கெடுத்துச் சொல்லவில்லை, அனுபவத்தில் சொல்கிறேன்.) ஒருவர் பழைய நாற்காலி ஒன்றைக் கண்டுபிடிப்பார். அது கதையில் வரும் எண்டர்பிரைஸ் விண்கப்பலின் பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் அறையில்) இருந்த அதே கம்பெனி, அதே மாடல். அது உண்மை. அடுத்த வாரமே அது “ஸ்டார் ட்ரெக் நாற்காலி” ஆகிவிடும், அதற்கடுத்த வாரம் “செட்டில் இருந்த நாற்காலி” ஆகிவிடும். யாரும் பொய் சொல்லவில்லை, ஒவ்வொருவர் வாயிலும் ஒரு வார்த்தை கூடியது, அவ்வளவுதான். அதனால் நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: ‘அதே மாதிரி’ ஒன்று, ‘அதேதான்’ இன்னொன்று. ஒவ்வொரு ஆதாரமும் எந்தப் பத்தியில் விழும் என்று முடிவுசெய்த பிறகுதான் எழுத வேண்டும்.

2. எபிசோடை உட்கார்ந்து பாருங்கள், ஆனால் சரியான பிரதியை

இந்தத் தொடர் 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தது, அதனால் நல்ல ப்ளூ-ரே பிரதியில் அந்தக் கால டிவியில் யாருமே பார்த்திராத அளவுக்கு விவரம் தெரியும். ஒரு பொறி இருக்கிறது. 2006இல் தொடங்கிய புதுப்பிப்பில் விண்கலக் காட்சிகளை எல்லாம் கம்ப்யூட்டர் வரைகலையாக மாற்றிவிட்டார்கள். நீங்கள் கப்பல் மாதிரியை (படம்பிடிக்கச் செய்த சின்னக் கப்பலை) ஆராய்கிறீர்கள் என்றால் அந்தக் காட்சிகள் உங்களுக்குக் கால் காசுக்குப் பிரயோஜனமில்லை. ப்ளூ-ரேயில் பழைய காட்சிகளோடு பார்க்கும் வசதியும் இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒளிபரப்பான வரிசையை நம்பாதீர்கள், படம்பிடித்த வரிசையைப் பாருங்கள். ‘தி கார்போமைட் மனூவர்’ எபிசோடு 1966 மே மாதமே எடுத்துவிட்டது, ஒளிபரப்பானது நவம்பர் 10. இரண்டாவது பைலட்டான (தொடருக்கு முன்னோட்டமாக எடுக்கும் சோதனை எபிசோடு) ‘வேர் நோ மேன் ஹாஸ் கான் பிஃபோர்’ 1965 கோடையில் எடுத்தது. இன்னும் மோசம், 1966 நவம்பரில் வந்த ‘தி மெனாஜெரி’ இரண்டு பாகத்திலும் 1964 கடைசியில் எடுத்த முதல் பைலட்டின் காட்சிகளை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அதில் வரும் கம்யூனிகேட்டர் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பெட்டி, நமக்குப் பழக்கமான கறுப்புப் பெட்டி இல்லை. ஒளிபரப்புத் தேதியை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் ‘1966 நவம்பரில் டிசைனை மாற்றிவிட்டு மறுபடி பழையதுக்கே போனார்கள்’ என்று ஒரு தத்துவம் எழுதத் தோன்றும். நான் எழுதியிருக்கிறேன்.

நிறத்தையும் நம்பாதீர்கள். கிர்க்கின் சட்டை தங்க மஞ்சள் என்றுதான் உலகமே நினைக்கிறது. முதல் இரண்டு சீசனின் வெலூர் சட்டை உண்மையில் பச்சை சாயல் கொண்டது, செட் வெளிச்சமும் ஃபிலிமும் சேர்ந்து அதை மஞ்சளாக்கிவிட்டன. துணிக்கே இந்தக் கதி என்றால், நீலத் திரைக்கு முன்னால் நிறுத்திப் படம்பிடித்த கப்பல் மாதிரியின் சாம்பல் நிறத்தைத் திரையிலிருந்து எடுத்து ‘இதுதான் பெயின்ட்’ என்று சொல்வது எப்படி?

ஸ்கிரீன்ஷாட்டை விட நல்ல சரக்கு ஒன்று இருக்கிறது. தொடர் முடிகிற சமயத்தில், அதை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியும் மேஜல் பாரெட்டும் நடத்திய லிங்கன் எண்டர்பிரைசஸ், எடிட்டிங்கில் மிச்சமான ஃபிலிம் துண்டுகளைத் தபாலில் ரசிகர்களுக்கு விற்றது. அந்தத் துண்டுகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன, ஸ்கேன் செய்து பகிர்ந்தும் இருக்கிறார்கள். வெட்டி எறிந்த ஃப்ரேம் என்பதால் திரையில் வராத கோணம் கிடைக்கும், சிலவற்றில் கிளாப் பலகையும் தெரியும். கிளாப் தெரிந்தால் லாட்டரி அடித்த மாதிரி. எந்தக் காட்சி, எத்தனையாவது டேக் என்பது அதிலேயே இருக்கும்.

3. வாங்கியதா, செய்ததா, வாங்கி மாற்றியதா

பொருளைப் பார்த்ததும் இதை ஊகித்துவிட வேண்டும், ஏனென்றால் தேடும் இடமே இதை வைத்து மாறும். டிவி தொடருக்குப் பணம் எப்போதும் குறைவு, நேரம் அதைவிடக் குறைவு. வளைவு மிகச் சுத்தமாக, எல்லா உருப்படியும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல் இருந்தால் அது தொழிற்சாலையிலிருந்து வந்ததாக இருக்கலாம். ஒன்றுக்கொன்று கொஞ்சம் கோணலாக இருந்தால் கையால் செய்தது.

வாங்கி மாற்றியதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ‘தி டூம்ஸ்டே மெஷின்’ எபிசோடில் சிதைந்து மிதக்கும் கான்ஸ்டலேஷன் கப்பல். அது ஏஎம்டி கம்பெனி கடைகளில் விற்ற எண்டர்பிரைஸ் பொம்மை கிட்டைப் பிய்த்து, சுட்டு வைத்தது. எண்டர்பிரைஸ் எண் 1701, இதன் எண் 1017. ஏன் 1017? கிட்டோடு வரும் ஸ்டிக்கர் எண்களையே இடம் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். அந்த எண்ணே அதன் பிறப்புச் சான்றிதழ்.

4. வாங்கிய பொருள் என்றால் கேட்லாக்கில் இறங்குங்கள்

பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும் பலன் தரும் வேலை இது. பிரிட்ஜில் இருக்கும் வெள்ளைத் தண்டு நாற்காலிகளைப் பாருங்கள். வடிவமைப்பு தெரிந்தவர்கள் பார்த்தவுடன் ‘ஈரோ சாரினென் வரைந்த டியூலிப் நாற்காலி, நோல் கம்பெனி’ என்று சொல்லிவிடுவார்கள். ரொம்ப காலம் அப்படித்தான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அது நோல் இல்லை. டெக்சாஸ் மாநிலம் டல்லாஸில் இருந்த பர்க் என்ற கம்பெனி அதே பாணியில் செய்த நாற்காலி, அதன் முதுகுப் பகுதியைத் தொடருக்காக மாற்றியிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இருக்கையின் வளைவு, தண்டு சேரும் இடம், அடிப்பாகம் எல்லாம் வேறு. பர்க் நாற்காலியின் அடியில் கம்பெனி பெயரும் ஊர் பெயரும் பதிந்திருக்கும். பிரபலமான பெயர் ஒன்று முதலில் நினைவுக்கு வந்தால், அதன் மலிவுப் பதிப்பை யார் செய்தார்கள் என்று உடனே கேளுங்கள். டிவிக்காரர்கள் அங்கேதான் போயிருப்பார்கள்.

கேப்டன் நாற்காலிக்கும் இதே கதை. பார்த்தால் மொத்தமும் செட்டில் தச்சர் செய்தது மாதிரி இருக்கும். சுற்றியிருக்கும் பெட்டியும் பொத்தான் பலகையும் அப்படித்தான். ஆனால் நடுவில் இருக்கும் கறுப்பு இருக்கையும், வால்நட் மரக் கைப்பிடியும் கடையில் கிடைத்த ஒரு நாற்காலியிலிருந்து வந்தவை. மிசிசிப்பி மாநிலம் கான்டனில் இருந்த மேடிசன் ஃபர்னிச்சர் இண்டஸ்ட்ரீஸின் 4449 என்ற மாடல், வடிவமைத்தவர் ஆர்தர் உமனாஃப். இதைக் கண்டுபிடித்தது பேராசிரியர்கள் இல்லை, கைப்பிடியின் வளைவை மனப்பாடம் பண்ணிக்கொண்டு பழைய ஃபர்னிச்சர் விற்கும் இடங்களில் எல்லாம் கண்ணை மேயவிட்ட ரசிகர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முதலில் பொருளின் வெளிக்கோட்டை மட்டும் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். நிறத்தையும் மேலே ஒட்டிய அலங்காரத்தையும் மறந்துவிடுங்கள், அவை செட்டில் மாறியிருக்கும். எது மாறாது? வளைவு, ஆணி விழும் இடம், இரண்டு பகுதி சேரும் கோடு. பிறகு இண்டர்நெட் ஆர்க்கைவில் 1960 முதல் 1966 வரையான வியாபாரக் கேட்லாக்குகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். அலுவலக ஃபர்னிச்சர், மருத்துவ உபகரணம், எலெக்ட்ரானிக் உதிரி, சமையலறைச் சாமான் என்று எல்லாவற்றையும்தான். தேடுபெட்டியில் வார்த்தை போட்டுத் தேடினால் கிடைக்காது, படம்தானே வேண்டும்.

அமெரிக்க வடிவமைப்புக் காப்புரிமைகளும் நல்ல சுரங்கம், கூகுள் பேட்டன்ட்ஸில் இலவசமாகவே இருக்கின்றன. அவற்றில் எழுத்து கிட்டத்தட்ட இருக்காது, ‘நாற்காலிக்கான வடிவம்’ என்று ஒரு வரி, கீழே நான்கு கோட்டோவியம். அதனால் சொல்லை வைத்துத் தேடாமல், ஒரு நாற்காலியின் காப்புரிமையைப் பிடித்து அதன் வகைப்பாட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணில் உள்ள மற்றவற்றை வரிசையாகப் பாருங்கள்.

சமையலறைச் சாமான் என்று சும்மா சொல்லவில்லை. ‘தி மேன் ட்ராப்’ எபிசோடில் உப்பு தின்னும் பிராணி வருகிறது, அதற்கு உப்புக்குடுவை தேவைப்பட்டது. ப்ராப் மாஸ்டர் இர்விங் ஃபைன்பெர்க் எதிர்காலத்து உப்புக்குடுவை மாதிரி இருக்கட்டும் என்று விதவிதமான நவீனக் குடுவைகளைத் தேடிப் பிடித்து வந்தார். பார்த்தால், அது உப்புக்குடுவை என்று எவருக்கும் புரியாது. கதைக்குச் சாதாரணக் குடுவையையே வைத்துக்கொண்டார்கள், வாங்கியதை வீணாக்க வேண்டாம் என்று டாக்டர் மெக்காயின் பையில் போட்டுவிட்டார்கள். தொடர் முழுக்க உயிர் காத்த அந்தக் கருவிகளில் சில உப்புக்குடுவைகள். யூனிட்டில் அவர் கொண்டுவரும் இந்த மாதிரி சாமான்களுக்கே ‘ஃபைன்பெர்கர்’ என்று பெயர் விழுந்துவிட்டது. ஆகவே மருத்துவக் கருவியை மருத்துவக் கேட்லாக்கில் மட்டும் தேடாதீர்கள்.

5. செய்த பொருள் என்றால் ஆளைத் தேடுங்கள், டைட்டில் கார்டை அல்ல

கம்யூனிகேட்டர், ட்ரைகார்டர் (தோளில் மாட்டிக்கொண்டு எதையும் ஆராயும் கருவி) இரண்டும் வா மிங் சாங் என்ற சிற்பியின் கைவேலை. 1917இல் ஹொனலூலுவில் பிறந்தவர், 2003இல் காலமானார். ‘அரீனா’ எபிசோடில் கிர்க்கோடு சண்டை போடும் கோர்ன் என்ற பல்லி மனிதனும் அவர் கையிலிருந்து வந்ததுதான். ஆனால் தொடரின் டைட்டிலில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. அவர் ப்ராப் செய்பவர்களின் தொழிற்சங்கத்தில் உறுப்பினர் இல்லை, ஸ்டுடியோவுக்கு அவரை வேலைக்கு வைத்தோம் என்று சொல்வதே சிக்கலாக இருந்தது. இதற்கு முன்பும் அவருக்கு இப்படி நடந்திருக்கிறது. அவர் கூட்டாக நடத்திய ப்ராஜெக்ட்ஸ் அன்லிமிடெட் வேலை செய்த 1960ஆம் வருடப் படம் ஒன்றுக்குத் தந்திரக் காட்சிக்கான ஆஸ்கர் கிடைத்தது, வாங்கியவர்களின் பட்டியலில் இவர் பெயர் இல்லை.

டைட்டிலில் பெயர் இருப்பவர்தான் செய்தார் என்பதும் இல்லை, பெயர் இல்லாதவர் செய்யவில்லை என்பதும் இல்லை. பில், குறிப்பு, கடிதம், பட்டறையில் எடுத்த புகைப்படம், இவைதான் பேச வேண்டும். எண்டர்பிரைஸ் கப்பலை வரைந்தவர் கலை இயக்குநர் மாட் ஜெஃப்ரிஸ். கட்டியவர்? 33 அங்குலச் சின்ன மாதிரியையும், 11 அடிப் பெரிய மாதிரியையும் 1964 கடைசியில் உருவாக்கும் பொறுப்பை ஏற்றவர் ரிச்சர்ட் டேட்டின். பெரியதற்குப் பர்பாங்கில் இருந்த ஒரு மாதிரிப் பட்டறையும் சேர்ந்து உழைத்தது. வரைந்தவர், பொறுப்பேற்றவர், ரம்பம் பிடித்தவர், பெயின்ட் அடித்தவர், அப்புறம் தொடர் ஓடும்போது மாற்றியமைத்தவர் என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து வரி விட்டு எழுதுங்கள். ஐந்திலும் ஒரே பெயர் வந்தால் சந்தேகப்படுங்கள்.

எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘தி ட்ரபுள் வித் ட்ரிபிள்ஸ்’ எபிசோடுக்காகச் செயற்கை ரோமத்தில் 500 ட்ரிபிள் (கதையில் வரும் ரோமப் பிராணி) பந்துகளைத் தைத்தார்கள். ஐந்நூறு! ஒரு ரோமப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது அதுதான்’ என்று நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு நேர் எதிர், இரண்டாவது பைலட்டில் கிர்க் தூக்கிக்கொண்டு வரும் ஃபேசர் துப்பாக்கி. பொம்மை வடிவமைப்பாளர் ரூபன் க்ளேமர் 1965இல் செய்து கொடுத்தது, ஒரே எபிசோடில் வந்தது, அவரிடமே திரும்பிப் போனது, 2013இல் ஏலத்தில் 2,31,000 டாலருக்கு விற்றது. கைமாறிய சங்கிலி இவ்வளவு குட்டையாக இருப்பது அபூர்வம்.

6. காகிதம் எங்கே இருக்கிறது

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்பில் ஜீன் ராடன்பெரியின் ஸ்டார் ட்ரெக் காகிதங்கள் இருக்கின்றன. ஸ்கிரிப்ட், மெமோ, படப்பிடிப்பு சம்பந்தமான தாள்கள் எல்லாம் பெட்டி பெட்டியாக. இணைத் தயாரிப்பாளர் ராபர்ட் ஜஸ்ட்மனின் காகிதங்களும் அங்கே உண்டு. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்ற அட்டவணை ‘ஆன்லைன் ஆர்க்கைவ் ஆஃப் கலிஃபோர்னியா’ தளத்தில் கிடைக்கும். முதலில் அட்டவணையை முழுசாகப் படியுங்கள், எந்தப் பெட்டி, எந்தக் கோப்பு என்று குறித்துக்கொண்டு பிறகு நூலகத்துக்கு எழுதுங்கள். ‘ப்ராப் பற்றி ஏதாவது இருக்கிறதா’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும்.

அங்கே ப்ராப் என்ற தலைப்பில் மட்டும் தேடாதீர்கள். பட்ஜெட் மெமோவில்தான் தங்கம் இருக்கும். ‘இந்த எபிசோடில் புதிதாக எதுவும் செய்ய முடியாது, பழையதையே பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள்’ என்கிற மாதிரி ஒரு வரி கிடைத்தால், இரண்டு எபிசோடில் வரும் இரண்டு பொருள் உண்மையில் ஒன்றுதான் என்பது தெரிந்துவிடும்.

வேலை செய்தவர்களின் நேர்காணல்களையும் கேளுங்கள், டெலிவிஷன் அகாடமியின் தொகுப்பில் ஸ்டார் ட்ரெக் ஆட்கள் பலருடைய நீண்ட உரையாடல்கள் இருக்கின்றன. ஆனால் முப்பது, நாற்பது வருடம் கழித்து ஒருவர் சொல்லும் நினைவு அது. கல்யாண வீட்டில் சாம்பார் யார் வைத்தது என்று முப்பது வருடம் கழித்துக் கேட்டால் மூன்று பேர் ‘நான்தான்’ என்பார்கள், மூன்று பேரும் உண்மையாகவே நம்புவார்கள். 1966இல் எழுதிய மெமோவும் 1996இல் சொன்ன நினைவும் முட்டினால், மெமோ பக்கம் நில்லுங்கள்.

7. வில்லங்கம் பார்ப்பது

இங்கேதான் ‘அதேதான்’ பத்திக்கு வருகிறோம். இன்று யார் கையில் இருக்கிறதோ அங்கிருந்து பின்னோக்கி, ஒரு கை விடாமல், 1969 வரை போக வேண்டும். நடுவில் ஓட்டை இருந்தால் ஓட்டை என்று எழுதுங்கள், அழகாக ஒட்டுப்போடாதீர்கள்.

நிறுவனங்களின் தேதி நன்றாக உதவும். தொடர் தொடங்கியபோது ஸ்டுடியோ டெசிலு. 1967இல் டெசிலுவை கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் வாங்கி பாரமவுண்டோடு சேர்த்துவிட்டது. ஆக, ‘1966இல் பயன்படுத்தியது’ என்று சொல்லும் பொருளில் பாரமவுண்ட் டெலிவிஷன் சீட்டு மட்டும் இருந்தால், அந்தச் சீட்டு பின்னால் ஒட்டியது, அது எப்போது, ஏன் என்று கேட்க வேண்டும். தலைகீழாகவும் யோசியுங்கள். டெசிலு சீட்டு இருக்கிறதே என்று துள்ளிக் குதிக்காதீர்கள், அதே ஸ்டுடியோ அப்போது ‘மிஷன்: இம்பாசிபிள்’ தொடரையும் எடுத்துக்கொண்டிருந்தது. சீட்டு ஸ்டுடியோவைத்தான் சொல்லும், தொடரைச் சொல்லாது.

ஏலக் கேட்லாக்கில் போட்டிருக்கிறதே என்பதும் முடிந்த முடிவு இல்லை. 2006 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த பிரம்மாண்டமான ஸ்டார் ட்ரெக் ஏலத்தில் ஒரு ரசிகர், பின்னால் வந்த தொடரில் டேட்டா பாத்திரம் சீட்டாடும்போது நெற்றியில் போடும் பச்சை வைசரை (கண் மறைப்பை) வாங்கினார். அதை நடிகரிடமே காட்டியபோது, உண்மையானதை நான் எப்போதோ விற்றுவிட்டேனே என்றார் அவர். விஷயம் நீதிமன்றம் வரை போனது. இதில் யார் சரி என்பது நம் வேலை இல்லை. ஸ்டுடியோ கிடங்கிலிருந்தே நேராக வந்தாலும் ‘கிடங்கில் இருந்தது’ என்பது ‘திரையில் இருந்தது’ ஆகிவிடாது.

நேரில் போய்ப் பார்க்க முடிகிற உதாரணம் ஹூஸ்டன் விண்வெளி மையத்தில் இருக்கும் கலிலியோ ஷட்டில் (எண்டர்பிரைஸிலிருந்து இறங்கிப் போகும் சின்னக் கலம்). முழு அளவு வெளிக்கூடு, ஏஎம்டி கம்பெனிக்காக ஜீன் வின்ஃபீல்டின் பட்டறை கட்டியது. தொடர் முடிந்த பிறகு கை மாறி மாறி, வெயிலிலும் மழையிலும் கிடந்து உளுத்துப்போய், 2012இல் ஏலத்தில் விற்று, சீர்செய்து 2013இல் அங்கே வைத்தார்கள். உளுத்ததை எல்லாம் எடுத்துவிட்டுப் புதுப் பலகை போட்ட பிறகு அது ‘அதேதானா’? என் பதில், ஆமாம், ஆனால் எந்தப் பகுதி எந்த வருடத்தது என்று தனித்தனியாக எழுத வேண்டும். பாட்டி காலத்து வீட்டுக்கு ஓடு மாற்றினால் வீடு வேறு ஆகிவிடாது, ஆனால் ஓடு பாட்டி காலத்தது என்று சொல்லக் கூடாது.

8. பொருளையே கேளுங்கள்

இப்போது என் மானம் போன கதை. பல வருடத்துக்கு முன்னால் இணையத்தில் ஒருவர் பிரிட்ஜ் பலகையில் இருந்த பிளாஸ்டிக் மூடி என்று ஒன்றை விற்றார். கதை அற்புதமாக இருந்தது: செட்டைக் கலைத்தபோது மாமா ஒருவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாராம். நானும் வாங்கிவிட்டேன், நண்பர்களுக்கெல்லாம் படம் அனுப்பிவிட்டேன். அதில் ஒருவன் மட்டும் ‘உள்பக்கம் என்னடா முக்கோணம்?’ என்று கேட்டான். மறுசுழற்சி முக்கோணம், நடுவில் 5 என்ற எண், அச்சிலேயே வார்த்தது. பிளாஸ்டிக்கில் அந்தக் குறியைப் போட ஆரம்பித்ததே 1988இல். மாமா கொஞ்சம் தாமதமாகப் போயிருக்கிறார் போல.

அதிலிருந்து நான் முதலில் அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பது. வார்த்த எழுத்து, காப்புரிமை எண், திருகாணித் தலை, ஒயரின் உறை, சால்டர் பூசிய விதம். ஒரு விஷயம் மட்டும் கவனமாக இருங்கள், பொருளின் வயது ‘இல்லை’ என்று சொல்லத்தான் உதவும், ‘ஆம்’ என்று சொல்ல உதவாது. 1966க்குப் பிறகு வந்த ஒரு சமாச்சாரம் உள்ளே இருந்தால் கதை முடிந்தது, அல்லது யாரோ பின்னால் ரிப்பேர் செய்திருக்கிறார்கள். 1966இல் இருந்த சமாச்சாரம் மட்டுமே இருந்தால்? அந்த வருடம் அமெரிக்காவில் செய்த கோடிக்கணக்கான சாமான்களில் அதுவும் ஒன்று, அவ்வளவே. புற ஊதா விளக்கு அடித்துப் பார்த்து ‘துணி ஒளிர்கிறது, அதனால் புதுசு’ என்று தீர்ப்பு சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒளிரவைக்கும் சாயம் அறுபதுகளிலேயே சலவைப் பொடியில் இருந்தது.

இந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு 11 அடி எண்டர்பிரைஸைப் பாருங்கள். பாரமவுண்ட் அதை 1974இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. அப்புறம் சில முறை சீர்செய்தார்கள். 1991இல் அடித்த பெயின்டில் தகடுகளுக்கு இடையே கோடுகள் அழுத்தமாகத் தெரிந்தன, ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். நல்லவேளையாக அந்த முறையும் கப்பலின் முன்னால் இருக்கும் வட்டத் தட்டின் மேல்பக்கத்தைத் தொடவில்லை, அங்கே அறுபதுகளின் பெயின்ட் அப்படியே இருந்தது. 2014 முதல் 2016 வரை நடந்த கடைசிச் சீரமைப்பில் எக்ஸ்ரே எடுத்தார்கள், பெயின்ட் அடுக்குகளை ஆராய்ந்தார்கள், கூடவே 1976க்கு முன்னால் எடுத்த புகைப்படங்கள் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள் என்று பொதுமக்களிடம் கேட்டார்கள். இவ்வளவு பெரிய அருங்காட்சியகம், கையில் நிஜப் பொருளையே வைத்துக்கொண்டு, உங்கள் ஆல்பத்தைப் பாருங்களேன் என்று கேட்டது. இப்போது அது வாஷிங்டனில் தேசிய விமான விண்வெளி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. போனால் இடது பக்கத்தையும் மறக்காமல் பாருங்கள். ஒயர்கள் எல்லாம் அந்தப் பக்கமாகத்தான் உள்ளே போயின, அதனால் வேலைப்பாடு கிடையாது, வலது பக்கத்தைத்தான் படம்பிடித்தார்கள். கப்பல் மறுபக்கம் போக வேண்டும் என்றால் எழுத்தைத் தலைகீழாக ஒட்டிப் படத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த இடதுபக்கம் தெரியாதவர் செய்த போலி, இரண்டு பக்கமும் அழகாக இருக்கும்.

9. மச்சத்தைப் பொருத்துவது

‘அதேதான்’ என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இது ஒன்றுதான் வழி. பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதுவார்களே, வலது கையில் மச்சம் என்று, அதேதான். கீறல், குமிழி, மரத்தின் ரேகை, கோணலாக ஒட்டிய தகடு. திரையில் தெரியும் அடையாளமும் கையில் இருக்கும் அடையாளமும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று போதாது, குறைந்தது மூன்று வேண்டும், அதுவும் போலி செய்பவர் படத்தைப் பார்த்து எளிதாகப் போடக்கூடிய கீறலாக இருக்கக் கூடாது. மர ரேகை நல்ல சாட்சி, யாராலும் வரைய முடியாது.

கம்யூனிகேட்டர் விஷயத்தில் இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் கைவேலை. நெருக்கக் காட்சிக்கான ‘ஹீரோ’ உருப்படிகளில் நடுவில் இருக்கும் வட்டக் கோலம் சுற்றும், மற்றவற்றில் சுற்றாது. அதனால் முதலில் எந்த ரகம் என்று பிரித்துவிட்டு அப்புறம் உருப்படிக்குப் போகலாம். இதே முறையைப் பிரிட்டனின் ‘டாக்டர் ஹூ’ ரசிகர்கள் இன்னும் வெறித்தனமாகச் செய்கிறார்கள். ரேமண்ட் க்யூசிக் வடிவமைத்து 1963இல் ஷாக்ராஃப்ட் பட்டறை செய்த முதல் நான்கு டாலெக்குகளில் (அந்தத் தொடரின் ரோபோ மாதிரி வில்லன்கள்), உடம்பில் இருக்கும் அரைக்கோளங்களின் வரிசைக் கோணலை வைத்தே எந்த டாலெக் எந்தக் கதையில் வந்தது என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

பொருந்தாததையும் தேடுங்கள். ஐந்து பொருத்தம் இருந்து, விளக்க முடியாத ஒரு முரண் இருந்தால், அந்த ஒன்றுதான் முக்கியம். ஜாதகத்தில் ஒன்பது பொருத்தம் இருக்கிறது என்று சமாதானம் சொல்வது இங்கே எடுபடாது.

10. எழுதி வைப்பது

ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் உறுதி, அநேகமாக, ஊகம் என்று மூன்றில் ஒன்றைப் போடுங்கள், தேதியும் போடுங்கள். தனிப்பட்ட சேகரிப்பாளரின் பெயரையும் ஊரையும் பொதுவில் எழுதாதீர்கள், திருடனுக்கு முகவரி கொடுத்த மாதிரி ஆகிவிடும். தப்பு என்று தெரிந்தால் பழைய குறிப்பை அழிக்காமல் மேலே கோடு போட்டுவிட்டுப் புதியதை எழுதுங்கள்.

கடைசியாக, உங்களுக்கே ஒன்று கிடைத்தால்? நடக்காது என்று நினைக்காதீர்கள். ராடன்பெரியின் மேஜையில் நின்ற அந்த 33 அங்குல எண்டர்பிரைஸை எழுபதுகளின் கடைசியில் யாரோ கடனாக வாங்கிப் போய், அது திரும்பவே இல்லை. நாற்பது வருடத்துக்கு மேல் காணாமல் போனது, 2023இல் இபேயில் ஆயிரம் டாலர் ஆரம்ப விலையில் ஒரு பட்டியலாக வந்து நின்றது. ரசிகர்கள் படத்தைப் பார்த்தே கண்டுபிடித்தார்கள், பட்டியலை இபேயிலிருந்து எடுத்துவிட்டார்கள், நிபுணர்கள் ஆராய்ந்து உறுதிசெய்தார்கள், 2024 ஏப்ரலில் ராடன்பெரியின் மகனிடம் போய்ச் சேர்ந்தது. அதனால் அப்படி ஏதாவது உங்கள் கைக்கு வந்தால், முதலில் அது திருட்டுப்போனதாகவோ கடன்போனதாகவோ இருக்குமா என்று விசாரியுங்கள். இருந்த இடத்திலேயே எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், அடிப்பக்கத்தை இரண்டு தடவை. சுற்றியிருந்த செய்தித்தாள், பெட்டி, கயிறு, எதையும் தூக்கிப் போடாதீர்கள், செய்தித்தாளில் தேதி இருக்கும். அப்புறம், எவ்வளவு கை அரித்தாலும், ஈரத்துணி எடுத்துத் துடைத்துவிடாதீர்கள்.